ஊருக்குப் போய்வரும் உரிமை

மார்கழிக் குளிரில் கடலோரத் தீவு ஒன்றுக்குச் சென்று, சந்தடியற்ற கரையில் சில நாள் தங்கித் திரும்புவது இன்று வசதி படைத்தோரின் வழக்கமாகி வருகிறது. மன்னார்த் தீவுக்கும் அதற்கு எதிர்க்கரையான தனுஷ்கோடிக்கும் அவ்வாறு பலர் செல்கின்றனர். மன்னாரிலே பழைய கோட்டையையும் பெருக்க மரத்தையும் பூநாரைகளையும் காண்கின்றனர்; தனுஷ்கோடியிலே இடிந்த தேவாலயத்தின் முன்னின்று படமெடுத்துக்கொள்கின்றனர். இதிலே குறைகூற ஏதுமில்லை. உழைப்பவன் எவனுக்கும் ஓய்வு வேண்டும், பயணமும் வேண்டும் என்பதே நம் கருத்து. ஆயினும், இவ்விரு கரைகளுக்குமிடையே லட்சக்கணக்கிற் சென்றுவந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரே. பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களின் மக்களுக்கு இக்கடல் எத்தகைய கடலாக இருந்தது என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

கோப்பிக் காலத்தில் வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நாட்கணக்காக நடந்து மலையேறினர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலே மடிந்தோர் பலர். பின்னர்த் தேயிலை வந்தது. அதனை இறக்குமதி ஏற்றுமதித் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல இருப்புப் பாதை வந்தது. 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டிய புகைவண்டி, 1924இல் பதுளையை அடைந்தது. இதற்கிடையே 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் கடலைக் கடக்கும் கப்பற் சேவையும் தொடங்கிற்று. ஊவாத் தொழிலாளி பதுளையிற் கோச்சி ஏறிப் பொல்காவலையில் இறங்கி, வடபகுதி வண்டியில் மதவாச்சி வழியாகத் தலைமன்னார்த் துறைக்குச் சென்றான். இர்வின், கோஷன் என ஆங்கில அதிகாரிகளின் பெயர் தாங்கிய கப்பல்கள் அவனை மறுகரை சேர்த்தன. இலங்கைக்கு வருவோரை மண்டபம் முகாமிலே தடுத்துவைத்து, மருத்துவச் சோதனை செய்து அனுப்பினர்.

இவ்வழியிலே விடுமுறை எவ்வாறு வகுப்புக்கு வகுப்பு வேறுபட்டது என்பதை நோக்குதல் வேண்டும். தோட்டத்துரைக்குச் சில ஆண்டுகளுக்கொருமுறை சம்பளத்தோடு தாயகம் சென்றுவர நீண்ட விடுப்புக் கிடைத்தது. மலைக்குளிரில் இளைப்பாற விடுதிகளும் மாளிகைகளும் எழுந்தன. சர் தாமஸ் வில்லியர்ஸ் 1931இல் அப்புத்தளையிலே கட்டிய அடிஷம் மாளிகையை இன்றும் காணலாம். தொழிலாளியோ, வேலைக்கு வராத நாளுக்குக் கூலியற்றவன். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை அவனது கடனே அவனுக்கு விலங்காயிருந்தது. பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டைப் பெற்று, அதனைத் தீர்க்கும் புதிய தோட்டத்தைத் தேடினாலன்றி அவன் பழைய தோட்டத்தை விட்டு நீங்க முடியாது. அத்தகையவன் சிறுகச் சிறுகச் சேர்த்தும், போதாததைக் கடன் வாங்கியும் ஊருக்குப் போனான். மூப்படைந்த தாய் தந்தையரைக் காணவும், திருமணம் முடிக்கவும், குலதெய்வத்துக்குப் பொங்கலிடவும் போனான். போனவன் திரும்பி வந்தான். அவன் உழைப்பும், அவன் பிள்ளைகளும், அவன் முன்னோரைப் புதைத்த மண்ணும் இங்கிருந்தன.

தமிழ் மக்கள் விடைபெறும்போது 'போகிறேன்' என்பதில்லை. 'போய் வருகிறேன்' என்பர். அந்த 'வருகிறேன்' என்ற சொல்லையே சட்டம் குற்றமாக்கிற்று.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா தெரிவானார். மலையகத்தில் இடதுசாரிகளுக்கும் தொழிலாளர் வாக்குகள் துணைநின்றன. இதனைக் கண்ட ஆளும் வர்க்கம் வாளாவிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது; 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தும் பயனில்லை. தொடர்ந்து வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வாயிலைத் திறப்பதுபோற் காட்டிற்று. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேற்பட்டு வெளியே தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவியும் பிள்ளைகளும் உடன் வசித்தமைக்குச் சான்று தேவை. நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்யப் போய்ச் சற்று அதிகம் தங்கியவனுக்கும், பிரசவத்துக்காகத் தாய்வீடு சென்று நெடுநாள் தங்கிய மனைவிக்கும் அப்பயணமே பாதகமான சாட்சியாயிற்று. துரை தாயகம் போய்வந்தால் அவன் அதிகாரம் குறையவில்லை; தொழிலாளி ஊர் போய்வந்தால் அவன் 'நிலையற்ற குடி' எனப்பட்டான். 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களைக் கள்ளத்தோணிகள் என இகழ்ந்தோரும் உளர்.

1964 அக்டோபர் 30இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மக்கள் பங்கிடப்பட்டனர். சம்பந்தப்பட்டவரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இரண்டு மாதம் செல்லுமுன், டிசம்பர் 22 இரவு எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு புகைவண்டியையும் கடல் கொண்டது. கப்பற்றுறை இராமேசுவரத்துக்கு மாறிற்று. உடன்படிக்கை மட்டும் மாறவில்லை. 1974இல் எஞ்சிய 1,50,000 பேரும் பாதிக்குப் பாதி பிரிக்கப்பட்டனர். மலைநாட்டிலிருந்து புறப்பட்ட வண்டிகளுக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயரிட்டனர். தாய் ஒரு பட்டியலிலும் மகள் மற்றொன்றிலும் இருந்த குடும்பங்கள் புகைவண்டி மேடையிலே பிரிந்தன. 'இராமானுஜம்' கப்பல் அவர்களை ஏற்றிச் சென்றது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். மறுகரையிலே நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் சிலருக்குப் பிழைப்பளித்தன; பலர் சொந்தமென்று சொல்லப்பட்ட மண்ணில் அந்நியராயினர். பதுளையிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தலைமன்னாரே முதன்முதலாகக் கண்ட கடற்கரை. திரும்பி வரும் சீட்டின்றிக் கண்ட கடற்கரையும் அதுவே.

போர் மூண்டபின் 1984இல் கப்பற் சேவை நின்றது. 1990இல் தலைமன்னார்ப் புகைவண்டியும் நின்று, 2015இலேதான் மீண்டும் ஓடிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுப் போராட்டத்தின் பலன் அது. ஆயினும் தாளிலே கிடைத்த உரிமை வாழ்விலே நிறைவடைந்துவிட்டதாகக் கருதலாகாது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையிலே மண் சரிந்து லயங்களை மூடியபோது, மக்கள் பாதுகாப்பான நிலமின்றி வாழ்வதை நாடு முழுவதும் கண்டது. சொந்த வீடும் காணியும் இல்லாதவனுக்கு, 'போய் வருகிறேன்' என்று சொல்லி வெளியேற உறுதியான வாசற்படி ஏது?

ஆசிரியர்களும் மாணவர்களும் விடுமுறையில் மன்னார்க் கரைக்குச் செல்லட்டும். செல்லுமுன் தத்தம் தோட்டத்து முதியோரிடம் அமர்ந்து, எந்த ஆண்டு எவர் போனார், எவர் திரும்பினார், எவர் திரும்பவில்லை என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். டிரங்குப் பெட்டிகளிற் கிடக்கும் பழைய கடவுச்சீட்டுகளும் விண்ணப்பப் பிரதிகளும் செல்லரித்துப் போகுமுன் சேகரிக்கப்படட்டும். கூலியோடு கூடிய ஓய்வு, சொந்தக் காணி, நினைத்தபோது போய் நினைத்தபோது திரும்பும் உரிமை ஆகிய மூன்றும் ஒரே கோரிக்கையின் பகுதிகளே. அக்கோரிக்கை வெற்றி பெறும் நாளிலேதான் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி தன் பிள்ளைகளோடு தலைமன்னார்க் கடலைப் பார்க்க வருவாள். அவள் கையிலே திரும்பும் சீட்டும் இருக்கும்.