தாத்தாவோட சித்தூர் ஜில்லாவும் ஒரு அண்டோ ஃபைலும்

அரக்கோணத்துல இருந்து தினமும் சென்னைக்கு ரயிலேறிப் போய் ஆணி புடுங்குற கூட்டத்துல அடியேனும் ஒருத்தன். உட்கார இடம் கிடைச்சா மடியில லேப்டாப்பைத் திறந்துடுவேன். ஆபீஸ் வேலைன்னு தப்பா நினைச்சுடாதீங்க மக்களே. தாத்தா சொன்ன கதைகளைத் தட்டச்சு செஞ்சு வெச்சிருந்தேன், அதைத் திருத்துற வேலை. அந்தத் திருத்தத்தால வந்த வினைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி, மிச்சமெல்லாம் பொட்டி வரலாறு. பொறுத்தருள்க.

தாத்தா திருத்தணிக்காரர். கல்யாணம் ஆனப்புறம் அரக்கோணத்துலயே தங்கிட்டார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். "நான் பொறந்தது சித்தூர் ஜில்லா, திருத்தணி"ன்னுதான் ஆரம்பிப்பார். சரியாத்தான் சொன்னார். 1953-ல ஆந்திரா தனி மாநிலமானப்போ சித்தூர் ஜில்லாவோட திருத்தணியும் அங்கே போயிடுச்சு. மங்கலங்கிழார், ம.பொ.சி. போன்றவர்கள் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், அப்புறம் படாஸ்கர் பரிந்துரை, 1959-ல சட்டம் எல்லாம் தாண்டி, 1960 ஏப்ரல் 1-ல தான் இந்தப் பக்கம் வந்தது. முதல்ல செங்கல்பட்டு மாவட்டம், 1997-ல இருந்து திருவள்ளூர் மாவட்டம்.

நான் என்ன பண்ணேன்? படிக்கிறவங்க குழம்பிடுவாங்களேன்னு "திருவள்ளூர் மாவட்டம்"னு மாத்தினேன். அவர் பேச்சையெல்லாம் பாடப்புத்தகத் தமிழாக்கினேன். சேவ் பண்ணேன். போன வருஷம் தாத்தா தவறிட்டார். காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு நாள் ஃபைலைத் திறந்து படிச்சா, அதுல அவர் குரலே இல்லை. எட்டாங்கிளாஸ் கட்டுரை நோட்டு மாதிரி இருக்கு.

பழசைத் திரும்பப் பார்க்க முடியுமா? நமக்கு முன்னாடி நிறைய பேர் இந்தக் கேள்வியோட அல்லாடியிருக்காங்க.

1972-ல பெல் ஆய்வகத்துல மார்க் ராச்கைண்ட் 'எஸ்சிசிஎஸ்' எழுதினார். ஒரு ஃபைலோட எல்லா வெர்ஷன் வரிகளையும் ஒரே இடத்துல கலந்து வெச்சு, எந்த வரி எப்போ வந்தது, எப்போ போச்சுன்னு குறி போட்டுடும். எந்த வெர்ஷன் வேணும்னு கேட்டா பொறுக்கித் தரும். 1982-ல வால்டர் டிக்கி கொண்டுவந்த 'ஆர்சிஎஸ்' வேற வழி: கடைசி வெர்ஷன் முழுசா இருக்கும், பின்னாடி போறதுக்கு வித்தியாசம் மட்டும் இருக்கும். கடைசியைத்தானே அடிக்கடி திறக்கிறோம்!

இதுக்கு நடுவுல, 1977-ல டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி அறிவிச்ச 'விஎம்எஸ்'ஸில் இன்னும் எளிமை. சேவ் பண்ற ஒவ்வொரு தடவையும் ஃபைல் பேருக்குப் பின்னாடி அரைப்புள்ளி போட்டு 1, 2, 3-ன்னு புது எண் விழும். பழசு அப்படியே கிடக்கும். டிஸ்க் நிரம்பினா 'பர்ஜ்'னு ஒரு கட்டளை கொடுத்துக் கழுவி விடணும்.

ஆனா எழுதிக்கிட்டு இருக்கிற எடிட்டருக்குள்ளயே பழசைப் பார்க்கிற வசதி? 1976 வாக்குல பில் ஜாய் எழுதின 'விஐ'யில் ஒரே ஒரு அண்டோதான். 'யு' அடிச்சா கடைசி மாற்றம் போகும், இன்னொரு 'யு' அடிச்சா அதே மாற்றம் திரும்ப வரும். அவ்ளோதான் ஞாபகசக்தி. ஈமேக்ஸ் கோஷ்டி கொடுத்துவெச்சவங்க. 1992-ல எரிக் ரேமண்ட் எழுதின 'விசி' மோடுல, ரெண்டு மூணு பட்டனைத் தட்டினா பழைய வெர்ஷன் பக்கத்து ஜன்னல்ல வந்து நிக்கும். எடிட்டரை விட்டு வெளியே போகவே வேணாம்.

நான் விம் கோஷ்டி. பிராம் மூலனார் 1991-ல வெளியிட்டது. 2023-ல அவர் மறையுற வரைக்கும் கட்டிக் காத்தது. 2006-ல வந்த விம் 7-ல அண்டோ ஒரு மரமாச்சு. நாலு மாற்றத்தை அழிச்சுட்டு புதுசா எழுதினாலும், அழிச்ச கிளை உள்ளே உயிரோட இருக்கும். 'எர்லியர்'னு ஒரு கட்டளையும் வந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்ததுன்னு கேட்டா காட்டும். 2010-ல 7.3 வந்தப்போ, அண்டோ கணக்கை டிஸ்க்லயே எழுதி வைக்கிற வசதி. எடிட்டரை மூடி, பொட்டியை அணைச்சு, ஆறு மாசம் கழிச்சு திறந்தாலும் பின்னாடி போகலாம். ஆனா அந்த அமைப்பை நாமதான் ஆன் பண்ணணும்.

காலேஜ் நாள்ல எவனோ சொன்னான்னு ஆன் பண்ணி வெச்சது நினைவுக்கு வந்தது. திருவள்ளூர் ஸ்டேஷன் தாண்டும்போது முதல் அத்தியாயத்தைத் திறந்து 'எர்லியர் 1எஃப்' அடிச்சேன். ஒரு சேவ் பின்னாடி போச்சு. திரும்ப. திரும்ப. வரிகள் ஒவ்வொண்ணா சட்டையை மாத்திக்கிட்டே வந்து, "நான் பொறந்தது சித்தூர் ஜில்லா"ன்னு நின்னுச்சு. எதிர் சீட்டு அக்கா "என்ன தம்பி, கண்ணுல தூசா?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னு தலையாட்டினேன்.

ரெண்டாவது அத்தியாயம்தான் எல்லைப் போராட்டக் காலத்து நினைவுகள். அதை ஒரு தடவை வேற எடிட்டர்ல திறந்து சேவ் பண்ணித் தொலைச்சிருக்கேன். விம் ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு ஹேஷ் எடுத்து வெச்சுக்கும். அது பொருந்தலைன்னா பழைய அண்டோ கணக்கைத் தொடவே தொடாது. என்னோட பாடப்புத்தகத் தமிழ்தான் மிச்சம். தாத்தா என்ன வார்த்தையில சொன்னார்னு இனி யாரைக் கேட்பேன்?

இதெல்லாம் நடந்தப்புறம் வீட்டுல உ.வே.சா. பதிப்பு ஒண்ணைப் புரட்டினேன். 1887-ல சீவக சிந்தாமணி, 1894-ல புறநானூறுன்னு பதிப்பிச்ச மனுஷர். ஊர் ஊரா அலைஞ்சு ஏடு சேர்த்து ஒப்பிட்டவர். அவருக்குச் சரின்னு பட்ட பாடத்தை மேலே போட்டார். மத்த ஏடுகள்ல இருந்த பாடத்தையும் தூக்கிப் போட்டுடலை; பிரதிபேதம்னு அடிக்குறிப்புல கொடுத்தார். படிக்கிறவன் அதே பக்கத்துல கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினா போதும். எடிட்டருக்குள்ள பழைய வெர்ஷன்னு நாம பெருமை பேசுறதை, மனுஷர் அச்சுக் கோத்த காலத்துலயே செஞ்சுட்டார்.

இப்போ தாத்தா கதைகள் 'கிட்'டுக்குள்ள இருக்கு. 2005-ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸுக்காக எழுதினது, எங்க தாத்தாவுக்கும் உதவுது. விம் பிடிக்காதவங்க பயப்பட வேணாம். 2022-ல விஎஸ் கோடுலயும் 'லோக்கல் ஹிஸ்டரி' வந்துடுச்சு, சேவ் பண்றப்பல்லாம் ஒரு பிரதியை எடுத்து வெச்சுக்கும்.

முதல் அத்தியாயத்துல "சித்தூர் ஜில்லா"வைத் திரும்ப மேலே ஏத்திட்டேன். கீழே சின்னதா ஒரு குறிப்பு: "1960 முதல் இப்பக்கம்." ரெண்டாவது அத்தியாயத்துக்குக் கீழே, "இது பேரன் திருத்திய வடிவம், மூலம் இல்லை"ன்னு போட்டிருக்கேன்.

உங்க வீட்டுப் பெரியவங்க பேச்சை யாராவது தட்டச்சு செய்யறீங்கன்னா, திருத்துறதுக்கு முன்னாடி ஒரு பிரதி எடுத்து வெச்சுடுங்க சாமிகளா.