நர்ஸ் படிப்புக்கு யார் காசு கட்டினார்கள்?

இரண்டு வாரம் முன்னால் எங்கள் சித்தி ஒரு பேப்பரைக் கையில் திணித்துவிட்டு, "பி.காம் படிக்கிறியே, இதக் கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். ஒரு தனியார் நர்சிங் பள்ளியின் கட்டண விவரம் அது. கல்விக் கட்டணம், ஹாஸ்டல், சீருடை, ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகும் வேனுக்குத் தனி. எல்லாம் மூன்று வருடத்துக்கு.

சித்திக்கு வயது 33. இரண்டு பிள்ளைகள், பெரியவன் இரண்டாம் வகுப்பு, சின்னதுக்கு மூன்று வயது. காட்டுப்பள்ளியில் வீடு. சித்தப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். (2018-ல் துறைமுகம் அதானி கைக்குப் போனபோது ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. லாரி ஓட்டுகிறவர்களுக்கு என்ன மாறியது என்று சித்தப்பாவைக் கேட்டால் சிரிப்பார்.) நர்சிங் டிப்ளமோவுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் மேல் வயது 35. சித்தியிடம் மிச்சம் இருப்பது இரண்டு வருடம்.

கணக்குப் போட உட்கார்ந்தவன் வரலாற்றுக்குள் போய்விட்டேன். கட்டணத்தைப் பார்த்ததும் ஒரு கேள்வி வந்துவிட்டது. இந்தப் படிப்புக்கு முதலில் யார் காசு கட்டினார்கள்?

பதில் எனக்கே ஆச்சரியம். படிக்கிற பெண் கட்டவில்லை. அவளுக்குத்தான் கொடுத்தார்கள்!

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தபோது சேர்ந்தவர்கள் 15 பேர். சாப்பாடு, தங்குமிடம், சீருடை எல்லாம் இலவசம். கைச்செலவுக்கு வருடத்துக்கு 10 பவுண்டு வேறு. கிரிமியப் போரின்போது மக்களிடம் வசூலிக்கத் தொடங்கிய நைட்டிங்கேல் நிதி இதற்குக் கைகொடுத்தது. தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண்கள் வார்டில் நாள் முழுக்க வேலை செய்தார்கள். வணிகவியல் பாஷையில் சொன்னால், சம்பளத்துக்கு இன்னொரு பெயர் உதவித்தொகை. ஆஸ்பத்திரிக்கு அது லாபமான ஏற்பாடு.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விடுதியிலேயே தங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு இருக்கக்கூடாது. வீட்டில் பிள்ளை வைத்திருப்பவளுக்கு அங்கே இடம் கிடையாது.

இனி மெட்ராஸுக்கு வருவோம். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் வந்தது. 1854-ல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி கொடுத்தது. 1871-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி ஆரம்பம். இந்தியாவின் முதல் நர்சிங் பள்ளி என்று பாடப்புத்தகங்கள் இதைத்தான் சொல்கின்றன. முதல் அணியில் நான்கே மாணவிகள். எங்கள் வடசென்னைப் பக்கம் 1888-ல் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த டாக்டர் மாட்டில்டா மக்ஃபெயில் ராயபுரத்தில் ஆரம்பித்த சின்ன மருந்தகம்தான் பிறகு ரெய்னி ஆஸ்பத்திரி ஆனது. அங்கேயும் நர்சிங் பள்ளி வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம் ஊரில் மருத்துவச்சி என்றாலே பிள்ளை பெற்றவள்தான். கல்யாணமாகாத பெண்ணைப் பிரசவ அறைக்குள்ளேயே விடமாட்டார்கள். தான் பெற்றதால்தான் அவளுக்கு அந்த வேலை தெரியும் என்பது ஊர் நம்பிக்கை. மேற்கத்திய முறை ஆஸ்பத்திரி வந்ததும் இது தலைகீழானது. குடும்பம் இல்லாதவள் நர்ஸ், குடும்பம் இருக்கிறவள் பழைய மருத்துவச்சி.

அந்த மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி கொடுக்க 1903-ல் கர்சன் பிரபுவின் மனைவி விக்டோரியா நினைவு உதவி நிதியைத் தொடங்கினார். வகுப்புக்கு வந்தால் கையில் கொஞ்சம் பணம். வேலையை விட்டுவிட்டு, வீட்டையும் விட்டுவிட்டு வருகிறவளுக்கு ஏதாவது கொடுக்காமல் முடியாது என்பது அந்த அதிகாரிகளுக்கே புரிந்திருந்தது. ஆனாலும் அது கீழ்ப்படி. பிள்ளை வைத்திருந்தவளுக்குக் காசு கொடுத்தார்கள். நர்ஸ் பட்டயத்தைக் கொடுக்கவில்லை.

இதை மாற்ற முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1909-ல் ரமாபாய் ரானடேயும் தேவதரும் தொடங்கிய பூனா சேவா சதன், விதவைகளை விடுதியில் வைத்துப் படிக்கவைத்து சசூன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் பயிற்சிக்கு அனுப்பியது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கதை நம்ம மெட்ராஸில் நடந்தது.

துர்காபாய். பிறந்தது ராஜமுந்திரியில், 1909-ல். எட்டு வயதில் கல்யாணம். பிறகு அந்தக் கல்யாணத்திலிருந்து வெளியே வந்தார். உப்பு சத்தியாகிரகத்தில் மெட்ராஸில் ஜெயிலுக்குப் போனார். அதற்குப் பிறகுதான் மெட்ரிகுலேஷனே எழுதினார், அதுவும் காசி இந்து பல்கலைக்கழகம் வழியாக. எம்.ஏ. முடித்தார், மெட்ராஸில் சட்டம் படித்தார், 1946-ல் அரசியல் நிர்ணய சபைக்கே போனார். தாமதமாகப் படித்தவருக்குத்தான் தாமதமாகப் படிப்பதன் கஷ்டம் தெரியும் போலிருக்கிறது. 1937-ல் மெட்ராஸில் அவர் ஆரம்பித்த ஆந்திர மகிளா சபா செய்த முக்கியமான வேலை, படிப்பை நடுவில் விட்ட வயதுவந்த பெண்களை அதே காசி மெட்ரிகுலேஷனுக்குத் தயார் செய்தது.

1953-ல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தபோது அவர்தான் முதல் தலைவர். 1958-ல் மெட்ராஸ் அனுபவத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனார். வயதுவந்த பெண்களுக்கான சுருக்கப் படிப்பு என்று பெயர். 20 முதல் 35 வயது வரை உள்ள பெண்கள், முக்கியமாக விதவைகள், கைவிடப்பட்டவர்கள், பள்ளிப் படிப்பை இரண்டு வருடத்தில் முடிக்கலாம். நோக்கம் வெறும் சர்டிபிகேட் இல்லை. நர்ஸ், மருத்துவச்சி, ஆசிரியை, கிராம சேவிகை பயிற்சிகளுக்கு அவர்களைத் தகுதியாக்குவதுதான்.

நாட்டுக்கும் அவசரம் இருந்தது. 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கைப்படி இந்தியா முழுமைக்கும் நர்ஸ்கள் சுமார் 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர். இவ்வளவு தட்டுப்பாட்டிலும் குடும்பம் இருப்பவள் மீதான சந்தேகம் போகவில்லை. 1988-ல் ராணுவ நர்சிங் சேவையில் இருந்த செலினா ஜான் கல்யாணம் செய்ததற்காக வேலையை இழந்தார். அந்த விதியை 1995-ல் விலக்கிக்கொண்டார்கள். அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 பிப்ரவரியில். 36 வருடம்!

இப்போது கல்யாணம் தடையில்லை. ஆனால் காசு நாம் கட்ட வேண்டும். தனியார் நர்சிங் பள்ளிகள் பெருகிய பிறகு கணக்கு முழுசாகத் திரும்பிவிட்டது. வார்டு வேலை அதேதான், நைட் டியூட்டியும் உண்டு. பணம் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தால் கட்டணம் குறைவு, உதவித்தொகையும் உண்டு. ஆனால் 15 வருடம் முன்னால் எழுதிய பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்துக்கொண்டு இந்த வருடப் பிள்ளைகளோடு போட்டி போட முடியுமா?

மிச்சம் இருப்பது கல்விக்கடன். 2001-ல் வங்கிகள் சங்கம் கொண்டுவந்த மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது. படிக்கும் காலத்து வட்டியை ஏழைக் குடும்பங்களுக்கு அரசே ஏற்கும் திட்டம் 2009-ல் வந்தது. நல்ல விஷயங்கள்தான். இப்போது என் கணக்கைப் பாருங்கள். 3 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருடத்தில் அடைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 6,370 ரூபாய். 2015-ல் தமிழக அரசின் தேர்வு வாரியம் மூலம் ஒப்பந்தத்தில் சேர்ந்த நர்ஸ்களின் ஆரம்பத் தொகுப்பூதியம் மாதம் 7,700. கழித்தால் மிச்சம் 1,330. பஸ் பாஸுக்கும் பாலுக்கும் போதாது. 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்ததில் என்ன ஆச்சரியம்? பிறகு தொகை உயர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதே பாதையில் இங்கிலாந்தும் போனது. நைட்டிங்கேல் ஊரிலேயே 2017-ல் புதிய நர்சிங் மாணவர்களுக்கான உதவித்தொகையை நிறுத்திக் கடனாக மாற்றினார்கள். விண்ணப்பங்கள் அந்த வருடமே சுமார் 23 சதவீதம் சரிந்தன. பிறகு இறங்கிவந்து 2020 முதல் வருடத்துக்கு 5,000 பவுண்டு மானியம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதில் பிள்ளை வைத்திருக்கும் மாணவர்களுக்குத் தனியாக 2,000 பவுண்டு. படிக்க வருகிறவளுக்குப் பிள்ளை இருக்கலாம் என்று ஒரு அரசாங்கக் கணக்கில் தனி வரியாகவே எழுதியிருப்பதைப் பார்த்து கொஞ்சநேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

இங்கே 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றார்கள். ஊழியர்களுக்கு. நர்சிங் மாணவி வார்டில் நின்றாலும் அந்தக் கணக்கில் அவள் ஊழியர் இல்லை. அங்கன்வாடி பகலோடு சரி.

இதையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தவணைக் கணக்கை மட்டும் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்புறம் என் பேப்பரின் கீழே அவரே மூன்று வரி எழுதினார். வளையல் நாலு சவரன். நைட் டியூட்டி நாட்களில் சின்னது ஆயா வீட்டில். காலை 7 மணி ஷிஃப்ட் என்றால் மீஞ்சூரில் முதல் ரயில்.

"முதல் ரயில் எத்தன மணிக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லு" என்றார். அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன் :)