டீச்சருக்கே தெரியாட்டி?

புள்ளைங்களை மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாடம் நடத்தணும்னு எல்லாரும் சொல்றோம். அது என்ன மரம்னு டீச்சருக்கே தெரியாட்டி?

1893 பொருளாதார வீழ்ச்சியில் நியூயார்க் மாநிலத்துக் கிராமத்து ஜனங்க பிழைப்பு தேடி நகரத்துக்குக் கிளம்பினாங்க. பள்ளிக்கூடத்துலயே இயற்கையைப் பழக்கினா மண்மேல ஒட்டுதல் வரும்னு ஒரு கணக்கு. பொறுப்பு கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்துச்சு. லிபர்ட்டி ஹைட் பெய்லி தலைமையில் ஆசிரியர்களுக்குச் சிறு பாட வெளியீடுகள் அச்சடிச்சு அனுப்பினாங்க. (அன்னிக்கே தபால்வழிக் கல்வி!)

இதுக்கெல்லாம் உயிரா இருந்தவர் அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக். பூச்சியியல் பேராசிரியரான கணவரோட ஆராய்ச்சிக்குப் படம் வரைஞ்சு கொடுத்தவர். 1899ல் உதவிப் பேராசிரியர் ஆக்கினாங்க. பொம்பளைக்கு இந்தப் பட்டமான்னு அறங்காவலர்கள் முறைச்சதும் விரிவுரையாளரா இறக்கிட்டாங்க. வேலை மட்டும் அதேதான், கவனிங்க! பட்டம் திரும்பி வர 1913 ஆச்சு. முழுப் பேராசிரியர் ஆனது 1920ல், அறுபத்தஞ்சு வயசு தாண்டின பிறகு.

இடையில் 1911ல் 900 பக்கத்துக்கு மேல ஓர் இயற்கைக் கல்விக் கையேடு எழுதினார். நஷ்டம்தான்னார் கணவர். அதுவோ பதிப்பு மேல பதிப்பா ஓடுச்சு. பாடமெல்லாம் கேள்விகளாவே இருக்கும். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல டீச்சர் தயங்கக் கூடாதுன்னும் எழுதியிருக்கார். (நம்ம வாத்தியார்கள் யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?)

அதே கார்னெல்லில் 1917ல் டாக்டர் பட்டம் வாங்கிய ஈ. லாரன்ஸ் பால்மர், பின்னாடி அங்கேயே பேராசிரியராகி, 1952ல் ஓய்வு பெறும்வரை இயற்கைக் கல்வியில் மேற்படிப்பு மாணவர்களை உருவாக்கினார். அம்மணியோட கையேடு இன்னிக்கும் அச்சில் இருக்கு.