விளையாட்டில் பிறந்த விஞ்ஞானம்: பகடை உருட்டிய மருத்துவர்

பாதியில் நின்றுபோன பந்தயத்தின் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற, கணித அறிஞர் பச்சியோலியின் கணக்கோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். 160 ஆண்டுகள் மேதைகளுக்கெல்லாம் தண்ணி காட்டிய அந்தக் கணக்கு 1654-இல் பாரிஸில் பாஸ்கலின் கைக்கு வந்தது. அங்கே போவதற்கு முன் மிலான் நகரத்து மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுவோம். அவரைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. அவர் பெயர் ஜிரோலாமோ கார்டானோ.

வெனிஸ் நகரம், மாதா பிறந்தநாள். இளைஞர் கார்டானோ ஒரு செனட்டரின் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார். கைப்பணம் கரைகிறது. சீட்டுகளின் முதுகை உற்றுப் பார்த்தவருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. எல்லாம் அடையாளம் வைத்த சீட்டுகள்! இடுப்பிலிருந்த குத்துவாளை உருவி செனட்டரின் முகத்தில் ஒரு கீறல் போட்டார். தோற்ற காசை அள்ளிக்கொண்டு வெளியேறினார். அன்றிரவு காவலர்களுக்குப் பயந்து ஓடும்போது கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். அந்த வழியாக வந்த படகைப் பிடித்து ஏறினால், உள்ளே முகத்தில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார் அதே செனட்டர்! ஆனால் அவர் காவலர்களைக் கூப்பிடவில்லை. நனைந்து நடுங்கியவருக்கு மாற்றுடை கொடுத்தார். இருவரும் ஒன்றாகவே பதுவா போய்ச் சேர்ந்தார்கள்.

கார்டானோ தன் வரலாற்றில் எழுதிவைத்த சம்பவம் இது. தன் குறைகளை இத்தனை பச்சையாகச் சொன்ன இன்னொரு அறிஞரை அந்த நூற்றாண்டில் தேடினாலும் கிடைப்பது அரிது. 40 ஆண்டுகளுக்கு மேல் சதுரங்கம், ஏறத்தாழ 25 ஆண்டுகள் பகடை, அதுவும் நாள் தவறாமல் ஆடியதாக அவரே ஒப்புக்கொள்கிறார்.

1501-இல் பாவியா நகரில் பிறந்தவர். தந்தை ஃபாசியோ வழக்கறிஞர், கணிதம் அறிந்தவர், லியனார்டோ டா வின்சிக்குப் பழக்கமானவர். தாயும் தந்தையும் அப்போது மணம் செய்துகொண்டிருக்கவில்லை. அந்த ஒரு காரணத்தைக் காட்டியே மிலான் மருத்துவர் சங்கம் அவரை ஆண்டுக்கணக்கில் உள்ளே விடவில்லை. 1539-இல்தான் கதவு திறந்தது. பட்டம் வாங்கியவருக்கு ஊரில் தொழில் செய்ய வழியில்லை. பிறப்பைச் சொல்லி அறிவை வாசலில் நிறுத்திய அந்தச் சங்கத்தாரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வருமானம் இல்லாத காலத்தில் பகடையே பிழைப்பானது. ஆனால் பகடை எல்லோரையும் போல அவரையும் கவிழ்த்தது. மனைவியின் நகைகளும் வீட்டுச் சாமான்களும் சூதில் போக, குடும்பம் மிலானின் ஏழைகள் விடுதியில் தஞ்சம் புகுந்தது.

பின்னாளில் அதே மனிதர் ஐரோப்பாவே தேடிவரும் மருத்துவரானார். 1552-இல் மூச்சிரைப்பால் அவதிப்பட்ட ஸ்காட்லாந்துப் பேராயர் ஜான் ஹாமில்டன் அழைக்க, எடின்பரோ வரை போனார். நோயாளியைப் பல நாள் கவனித்துவிட்டு, இறகு அடைத்த மெத்தையையும் தலையணையையும் தூக்கி எறியச் சொன்னார். பேராயர் தேறினார். வருகிற வழியில் இங்கிலாந்தின் இளம் மன்னர் ஆறாம் எட்வர்டுக்கு ஜாதகம் கணித்து நீண்ட ஆயுள் என்றார். மறுவருடமே மன்னர் இறந்துபோனார், வயது 15. ஒரே பயணத்தில் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. நோயாளியைக் கண்ணால் பார்த்தபோது ஜெயித்தார், கிரகத்தைப் பார்த்தபோது தோற்றார்.

கணித அறிஞர் டார்டாலியாவுடன் நடந்த சண்டையை முன்பே விரிவாகப் பார்த்துவிட்டோம். ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு 1545-இல் முப்படிச் சமன்பாட்டின் தீர்வை வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. டெல் ஃபெர்ரோ என்ற இன்னொரு கணித அறிஞர் அதை முன்பே கண்டுபிடித்திருந்தார் என்று தெரிந்த பிறகே கார்டானோ அச்சேற்றினார். டார்டாலியாவின் பெயரையும் சொன்னார். பூட்டிவைத்த அறிவைத் திறந்துவிட்டவர் பக்கம்தான் நான் நிற்பேன்.

நம் தொடருக்கு உரிய கார்டானோ, பகடைப் பலகையின் முன்னால் உட்கார்ந்த கார்டானோ. சூதாட்டத்தைப் பற்றி லத்தீனில் ஒரு சின்ன நூல் எழுதினார். அதில் பாதி அனுபவசாலியின் எச்சரிக்கை. சீட்டு வழுக்கிக்கொண்டு போக சோப்புத் தடவுகிறவர்களைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார். மீதிப் பாதியில் இருப்பது, மனிதகுலம் தன் எதிர்காலத்தைப் பார்க்கும் விதத்தையே மாற்றப்போகிற ஒரு யோசனை.

ஒரு பகடைக்கு 6 முகம். இரண்டு பகடைகளைச் சேர்த்து உருட்டினால் 36 விதமாக விழலாம், மூன்றை உருட்டினால் 216 விதம். பகடை நேர்மையானதாக இருந்தால் ஒவ்வொரு விதத்துக்கும் வாய்ப்பு சமம். எனவே பந்தயம் கட்டும் முன், மொத்தம் எத்தனை விதம், அதில் நமக்குச் சாதகம் எத்தனை என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இந்த எண்ணிக்கைகள் சிலருக்கு அவருக்கு முன்பே தெரிந்திருந்தன. அவற்றைப் பந்தயத்தின் நியாயத்தோடு இணைத்துப் பொது விதியாகச் சொன்னதில்தான் கார்டானோவின் பெருமை இருக்கிறது.

மூன்று பகடையில் கூட்டுத்தொகை 9 வருவதும் 10 வருவதும் சமம்தானே என்று தோன்றும். 9 வருவதற்கு 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3 என ஆறு சேர்க்கை. 10-க்கும் ஆறுதான்: 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4. ஆனால் தினமும் ஆடுகிறவர்களுக்கு 10 கொஞ்சம் அதிகமாக விழுவது தெரியும். சூட்சுமம் இதுதான். 3-3-3 ஒரே விதமாகத்தான் விழும். 3-3-4 என்றால் அந்த நான்கு முதல் பகடையிலோ இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழலாம், ஆக மூன்று விதம். இப்படி எண்ணி முடித்தால் 216-இல் 9-க்கு 25, 10-க்கு 27. பின்னாளில் டஸ்கனி பிரபுவுக்காக கலிலியோ விளக்கி எழுதியதும் இதே கணக்கைத்தான். 216-க்கு வெறும் இரண்டு வித்தியாசம்! ராத்திரி பகலாகப் பணத்தை வைத்துக் கண்ணை எடுக்காமல் பார்த்தவர்களுக்குத்தான் அது பிடிபடும்.

இந்தக் கணிதம் ஏன் சூதாட்டப் பலகையில் பிறந்தது என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. அன்றைய இத்தாலியில் நிச்சயமின்மைக்குப் பஞ்சமா? கப்பல் கவிழ்ந்தது, விளைச்சல் பொய்த்தது, கொள்ளைநோய் வந்தது. ஆனால் ஒரு கப்பலின் பயணம் இன்னொரு கப்பலின் பயணம் போல இருப்பதில்லை. பகடையோ ஒரே மாலையில் நூறு தடவை, அதே விதிகளோடு, அதே ஆறு முகங்களோடு விழுகிறது. சோதனைச்சாலை என்ற ஒன்று உருவாகும் முன்பே விளையாட்டு ஒரு சோதனைச்சாலையைக் கட்டிக்கொடுத்துவிட்டது. பகடையைத் தொடுவதே பாவம் என்று ஒதுங்கிய பண்டிதர்களுக்கு இது வாய்க்கவில்லை.

கார்டானோவும் தடுமாறினார். ஒரு தடவை வெல்ல ஒன்றுக்கு ஒன்று வாய்ப்பு என்றால், தொடர்ந்து மூன்று தடவை வெல்ல? விகிதங்களையே பெருக்கிப் பார்த்தார். ஒன்றை ஒன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றுதான். மூன்று முறை தொடர்ந்து வெல்வதும் ஒருமுறை வெல்வதும் சமமா? ஆடிப் பழகிய மனிதருக்கு அது அபத்தம் என்று உடனே உறைத்தது. பாதியைப் பாதியால் பெருக்க வேண்டும், மறுபடி பாதியால் பெருக்க வேண்டும் என்று திருத்திக்கொண்டார். எட்டில் ஒன்று. இன்று பள்ளிப் பிள்ளைகள் போடும் நிகழ்தகவுப் பெருக்கல் இதுதான். தவறான கணக்கையும் அவர் அடித்துவிடவில்லை, அதற்குப் பக்கத்திலேயே திருத்தத்தை எழுதினார்.

கடைசிக் காலம் கொடுமையானது. மனைவிக்கு விஷம் வைத்த குற்றத்துக்காக மூத்த மகன் 1560-இல் தலை வெட்டப்பட்டு இறந்தான். 1570-இல் கார்டானோவையே திருச்சபை விசாரணை மன்றம் போலோனாவில் சிறையில் தள்ளியது. 1576-இல் ரோமில் கண் மூடினார். சூதாட்ட நூல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து 1663-இல்தான் அச்சேறியது. அதனால் 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கிரீடமும் அவர்களுக்கே போனது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அங்கும் பிள்ளையார் சுழி போட்டவர் ஒரு சூதாட்டப் பிரியர்தான், ஷெவாலியே டி மேரே. அவர் நீட்டிய கணக்கைப் பாஸ்கல் இப்படி வைக்கிறார்: இருவர் ஆளுக்கு 32 பொற்காசு போடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவருக்கு 64 காசும். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று ஜெயித்திருக்கும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. நடந்த ஆட்டங்களைப் பார்த்து இரண்டுக்கு ஒன்று என்று பிரி என்கிறது பச்சியோலியின் வழி. பாஸ்கலோ 48, 16 என்கிறார். நடந்ததை விட்டுவிட்டு நடக்கப்போவதை எண்ணிச் சொன்ன விடை அது. இன்சூரன்ஸ் பிரீமியம் முதல் ஓய்வூதியம் வரை எல்லாமே நிற்பது அந்த 48-இன் மேல்தான். நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். விடை வந்த வழியை அடுத்த இதழில் சொல்கிறேன்.