வேகமான சதம்: யாருடைய கணக்கு?

ஒருநாள் கிரிக்கெட்டில் டி வில்லியர்ஸ் 31 பந்தில் அடித்த சதத்தை முறியடிக்க முடியுமா? டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் அடிபடுகிற இந்தக் கேள்வி, மட்டை பிடித்தவனின் கைபலத்தை மட்டுமே பேசுகிறது. சாதனையைத் தனிமனித வீரக்கதையாகக் கட்டமைக்கும் சொல்லாடல் இது. எதை எண்ணுகிறோம், எண்ணுவதற்கான விதியை யார் எழுதுகிறார்கள் என்பது இதில் காணாமல் போகிறது.

ஆரம்பத்தில் எண்ணியது நிமிடங்களை. 1920இல் நார்தாம்ப்டனில் சர்ரே அணியின் பெர்சி ஃபெண்டர் 35 நிமிடத்தில் சதமடித்தார். எத்தனை பந்து என்பதற்குச் சரியான கணக்கில்லை. 1921இல் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் ஜாக் கிரகரிக்கு 70 நிமிடம் போதுமாயிருந்தது. 1986இல் ஆன்டிகுவாவில் விவ் ரிச்சர்ட்ஸ் 56 பந்தில் அடித்தார். 2016இல் கிறைஸ்ட்சர்ச்சில் மெக்கல்லம் 54 பந்தில். இரண்டுமே கிரகரியின் 70 நிமிடத்தைத் தொடவில்லை. மணிக்கு வீசப்படும் ஓவர்கள் அவர் காலத்தைவிடக் குறைந்துபோன பிறகு அதைத் தொடுவதும் கஷ்டம்தான். அளவுகோலை மாற்று, ராஜாவும் மாறிவிடுவான்.

1990இல் நடந்தது இன்னும் சுவாரசியமானது. கிளாமர்கனுக்கு எதிராக வார்விக்‌ஷயரின் டாம் மூடி 26 நிமிடத்தில் சதமடித்தார். பட்டியல் போடுகிறவர்கள் அதைத் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். காரணம், எதிரணி சீக்கிரம் டிக்ளேர் செய்ய வேண்டுமென்று பவுலர்கள் லட்டு மாதிரி போட்டுக் கொடுத்தாங்க. இந்த ஒதுக்கலை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். தடுக்க ஆளில்லாத இடத்தில் சாதனை இல்லை என்று பட்டியலே ஒப்புக்கொள்கிறது. பட்டியலில் பெயர் வராத பவுலர் அந்தச் சாதனையில் பாதிப் பங்காளி. ரிச்சர்ட்ஸின் 56 பந்துக்குள்ள கனம், எல்லைக்கோட்டில் ஆட்களைப் பரப்பி இங்கிலாந்து அவரைத் தடுக்கப் பார்த்ததில் இருக்கிறது.

இப்போது ஒருநாள் ஆட்டத்துக்கு வருவோம். 1996இல் நைரோபியில் அஃப்ரிடி அடித்த 37 பந்து சதம் 17 வருஷம் நின்றது. 2012 அக்டோபரில் ஐசிசி ஒரு விதியைக் கொண்டுவந்தது: உள்வட்டத்துக்கு வெளியே கடைசி ஓவர்களிலும் நான்கு பேர்தான் நிற்கலாம். 2014 ஜனவரியில் கோரி ஆண்டர்சன் 36 பந்து. 2015 ஜனவரியில் டி வில்லியர்ஸ் 31. அதே 2015 ஜூலையில் கடைசி பத்து ஓவருக்கு ஐந்தாவது ஆளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பின் 31ஐ யாரும் நெருங்கவில்லை. 2023இல் டெல்லியில் மேக்ஸ்வெல்லுக்கு 40 பந்து தேவைப்பட்டது.

டி வில்லியர்ஸின் திறமையை நான் மறுக்கவில்லை. அந்த விதியின் கீழ் எத்தனையோ பேர் ஆடினார்கள், 31 அவருக்குத்தான் வாய்த்தது. ஆனால் 1990இல் பவுலர் மைதானத்தில் விட்டுக்கொடுத்தால் அது போலிச் சதம். 2012இல் அதிகாரம் காகிதத்தில் பவுலரின் கையைக் கட்டினால் அது வரலாற்றுச் சாதனை. 1909இல் 'இம்பீரியல்' என்ற பட்டத்தோடு பிறந்த அமைப்பு இது. விதி எழுதும் பேனா இன்றும் அதனிடம்தான்.

பதினாறு சிக்ஸர், ஒரு பவுண்டரி: 17 பந்தில் சதம் முடிந்துவிடும். கணக்கில் தடையேதுமில்லை. ஆகவே 31 உடையும். அன்றைக்கு அடித்தவன் பெயரோடு, தடுக்க எத்தனை பேரை அனுமதித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதி வைப்போம்.