உயிரியலா, கணினியா? பொறியியலுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் கரிவலம்வந்தநல்லூரிலும் சங்கரன்கோவிலைச் சுற்றிய ஊர்களிலும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது: இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படும் பிள்ளையை பயோ-மேத்ஸில் சேர்ப்பதா, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பிலா? கணிதம், இயற்பியல், வேதியியல் இரண்டிலும் உண்டு. நான்காவது பாடம் மட்டுமே வேறு: ஒன்றில் உயிரியல், மற்றதில் கணினி அறிவியல்.

முதலில் சேர்க்கை. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. இருவர் கட்-ஆஃப் சமமாகி, கணிதமும் இயற்பியலும்கூடச் சமமானால்தான் நான்காவது பாடத்தைப் பார்ப்பார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் இரு குரூப்பாருக்கும் பொது. இங்கே இரண்டும் சமம்.

அடுத்தது பாடச் சுமை. உயிரியல் என்றால் தாவரவியல், விலங்கியல் என இரண்டு புத்தகங்கள். படம் வரைய வேண்டும், பெயர்களை நினைவில் நிறுத்த வேண்டும். கணினி அறிவியல் அதைவிட இலகு. அதில் மிச்சமாகும் நேரத்தைக் கணக்குப் போடச் செலவிட்டால் கட்-ஆஃப் உயரும்.

வாய்ப்புகளின் அகலத்தில் உயிரியல் முந்துகிறது. மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்குரியது. மருத்துவமா பொறியியலா என்று மனம் தெளியாத பிள்ளைக்கு இந்த குரூப் இரு வழிகளையும் திறந்து வைக்கிறது. உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கப் போகிறவருக்கும் இந்த அறிவு கைகொடுக்கும்.

கல்லூரியின் முதலாண்டில் கணினி மாணவருக்குச் சிறு முன்னிலை உண்டு. பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் படித்திருப்பார். ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எல்லாப் பிரிவினருக்கும் பைத்தானை அடிப்படையிலிருந்தே சொல்லித் தந்தார்கள். உயிரியல் மாணவர் ஒரு பருவத்தில் எட்டிப் பிடித்துவிடலாம்.

அப்படி எளிதில் ஈடுகட்ட முடியாதது கணிதம். முதலாண்டின் அணிகளும் நுண்கணிதமும் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் தொடர்ச்சியே. பொதுத்தேர்வுக்காக விடைகளை மனப்பாடம் செய்து, வகைக்கெழு ஏன் எடுக்கிறோம் என்று அறியாமல் வந்தவர், எந்த குரூப்பில் படித்திருந்தாலும் அங்கே திணறுவார். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பிளஸ் டூவை மட்டும் இரண்டு ஆண்டுகள் ஓட்டும் பழக்கம் இந்தத் திணறலை வளர்க்கிறது.

ஆகவே, பொறியியல்தான் என்று உறுதியான பிள்ளைக்குக் கணினி குரூப் பொருத்தம்; உறுதிப்படாத பிள்ளைக்கு, உழைக்கத் தயாரென்றால், உயிரியல். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இங்கே பிளஸ் ஒன் கணக்கை முழுதாக நடத்துகிறார்களா?