ஓலை வாசித்த ஞாயிறுகள்

'எங்கள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள்' என்று சொன்னால் கத்தோலிக்கர் அல்லாத நண்பர்கள் நாடி ஜோதிடத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு ஓலை. கல்யாணம் பேசி முடித்ததும் அடுத்தடுத்த மூன்று ஞாயிறுகளில் பூசையின்போது அதை அறிவிக்க வேண்டும். இன்னார் மகன் இன்னார், இந்தத் தோட்டம். இன்னார் மகள் இன்னார், அந்தத் தோட்டம். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் தெரிவிக்கவும். அவ்வளவுதான். பனையோலையின் காலம் முடிந்து தாள் வந்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த வழக்கம் நம் ஊரில் பிறந்ததல்ல. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் இதைப் பொதுச்சட்டமாக்கியது. 1563இல் திரிதெந்தீன் சங்கம் மூன்று முறை அறிவிக்க வேண்டும் என்று உறுதிசெய்தது. ஐரோப்பியக் கிராமங்களில் நடந்த ரகசியத் திருமணங்களைத் தடுக்க வந்த சட்டம் அது. மலாயாவின் ரப்பர்க் காட்டுக்குள் வந்தபோது அதற்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. ஒரு தோட்டத்தில் இருப்பவருக்கு இன்னொரு தோட்டத்தில் யார் இருக்கிறார் என்று சொல்லும் செய்தித்தாளாக அது மாறியது.

தோட்டங்களின் அமைப்பை நினைத்துப் பார்த்தால் இது புரியும். ஒவ்வொரு தீம்பாரும் தனித் தீவு. லயம், பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கடை, கள்ளுக்கடை எல்லாம் எல்லைக்குள்ளேயே. அடுத்த தோட்டம் மூன்று கல் தொலைவில்தான் இருக்கும், ஆனால் அங்கே போக ஒருவருக்குக் காரணம் வேண்டும். ஒரு டவுன் கோயிலில் சாமியார் ஒருவர் இருப்பார். அவருக்குக் கீழே சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தகரக்கூரை போட்ட சிறு கோயில்கள். பல இடங்களில் மாதம் ஒரு பூசை கிடைத்தாலே அதிகம். மற்ற ஞாயிறுகளில் செபமாலை சொல்வதும், பாட்டு எடுத்துக்கொடுப்பதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும் உபதேசியார்தான். சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போகிறவரும் அவரே. யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்குக் காய்ச்சல், யார் வேறு தோட்டத்துக்கு ஓடிப்போனார் என்பதெல்லாம் அவர் வாயில் வரும். "உபதேசியாரு வந்துட்டாருன்னா தபால் வந்த மாரி" என்று என் பாட்டி சொல்வார்.

இந்தச் சாமியார்களில் பெரும்பாலோர் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள். அதே சபைதான் புதுச்சேரி மிஷனையும் நடத்தியது. கடலின் இரண்டு கரையிலும் ஒரே சபை இருந்ததால் ஆட்கள் வந்த வழியிலேயே செபப்புத்தகங்களும் வந்தன. சிங்கப்பூரின் ஓஃபிர் சாலையில் 1888இல் திறக்கப்பட்ட லூர்து மாதா கோயில் தமிழர்களுக்கென்று கட்டப்பட்டது. கோலாலம்பூரின் புனித அந்தோணியார் கோயில் 1910இல் வந்தது. பேராக்கின் பாகான் செராயில் 1880களில் ரெனே ஃபே என்ற குரு தமிழ்க் கத்தோலிக்க விவசாயிகளைக் குடியமர்த்தினார். பின்னர் 1896இல் அவர் மலாக்கா ஆயரானார். அந்தக் குடியிருப்புக்குச் சூசைபாளையம் என்று பெயர். யோசேப்பைச் சூசையாக்கி, கொங்கு நாட்டு ஊர்ப்பெயர் போலப் பாளையத்தையும் சேர்த்துப் பேராக்கில் நட்டுவைத்திருக்கிறார்கள்.

கட்டடங்களின் வரலாறு வெள்ளிவிழா, பொன்விழா மலர்களில் கிடைக்கிறது. நான் பேச விரும்புவது கட்டடத்தைப் பற்றியல்ல, பீரோவில் கிடக்கும் தடித்த பதிவேடுகளைப் பற்றி.

தோட்டத்து ஆபீஸிலும் ஒரு பேரேடு இருந்தது. செக்ரோல். அதில் ஆளின் பெயர் இருக்கும், ஆனால் எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம் என்பதற்காகத்தான் அந்தப் பெயர். வேலைக்கு வராத நாளில் அந்த மனிதரும் இல்லை. கோயில் பதிவேடு வேறு மாதிரி. ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர், தாய் பெயர், குடியிருக்கும் இடம், ஞானத்தகப்பன், ஞானத்தாய், குருவின் கையெழுத்து எல்லாம் உண்டு. எழுதிய மொழி லத்தீன். நம் இராயப்பன் அங்கே பேத்ருஸ் ஆவான், சின்னப்பன் பவுலுஸ் ஆவான், அருளப்பன் யோவான்னெஸ் ஆவான். லயத்தில் யாருக்கும் தெரியாத பெயர்கள்தான். ஆனால் தாயின் பெயர் இருக்கிறது பாருங்கள், அது முக்கியம். பால்மரம் வெட்டிய ஒரு பெண்ணை இன்னாருக்குத் தாய் என்று எழுதிவைத்த புத்தகம் அந்தக் காலத்துத் தோட்டத்தில் வேறு எத்தனை இருந்திருக்கும்?

செக்ரோலுக்குள் ஒருபோதும் வராதவர்களும் இதில் உண்டு. பிறந்த அன்றே சாகக் கிடக்கும் குழந்தைக்குச் சாமியாருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உபதேசியாரோ மருத்துவச்சியோ யாராக இருந்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். பிறகு சாமியார் வரும்போது 'இன் பெரிகுலோ மோர்ட்டிஸ்', அதாவது மரண ஆபத்தில், என்று எழுதிக்கொள்வார். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலத்தில், ஒரு நாளோ இரண்டு நாளோ வாழ்ந்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே எழுத்து அதுதான்.

1907இல் ரோமாபுரி 'நே தெமரே' என்ற ஆணையைப் பிறப்பித்தது. 1908 உயிர்ப்புப் பெருவிழாவிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, எங்கே கல்யாணம் நடந்தாலும் அந்தச் செய்தியை மணமக்கள் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கோயிலின் பதிவேட்டில், அவர்களது பெயருக்கு அருகே உள்ள ஓரத்தில் அது குறிக்கப்படும். ஏற்கெனவே மணமானவர் இன்னொரு ஊரில் போய் மறுபடியும் தாலி கட்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. விளைவை யோசியுங்கள். திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஞானஸ்நானம் பெற்றவன் சிலாங்கூர்த் தோட்டம் ஒன்றில் கல்யாணம் செய்தால், அந்தச் செய்தி கப்பலேறிப் போய் அவன் பிறந்த ஊர்ப் புத்தகத்தின் ஓரத்தில் உட்கார வேண்டும். கங்காணி கூட்டிவந்தவன் ஊருக்கு ஒரு வரி எழுதத் தெரியாதவனாக இருக்கலாம். அவனுக்காகச் சட்டம் எழுதியது.

இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து முடித்துவிட எனக்கு மனமில்லை. அதே சட்டம் ஆட்களை நெரித்த கதையும் இருக்கிறது.

ஜப்பானியர் காலத்தில் சியாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களை யாரும் பெயர் எழுதிப் புதைக்கவில்லை. ஆக, கோயில் பதிவேட்டில் கல்யாணம் இருக்கிறது, சாவு இல்லை. கணவன் செத்தானா இல்லையா என்பது தெரியாமல் கோயிலில் மறுமணம் செய்ய முடியாது. ஆள் நெடுநாள் காணவில்லை என்பது மட்டும் போதாது. 1868இல் ரோமாபுரி கொடுத்த அறிவுறுத்தல் இதைப் படிப்படியாகச் சொல்கிறது. முதலில் மரணப் பத்திரம். அது இல்லாவிட்டால் நேரில் கண்ட இரண்டு சாட்சிகள். அதுவும் இல்லாவிட்டால் நம்பத்தகுந்த ஒரு சாட்சி. அதற்கும் வழியில்லாதபோதுதான் சூழ்நிலை, ஊர்ப்பேச்சு ஆகியவற்றைச் சீர்தூக்கிப் பார்க்கலாம்.

என் பாட்டியின் அக்காளுக்கு இதுதான் நடந்தது. புருஷன் சியாமுக்குப் போனவர். போர் முடிந்து ஆட்கள் நடைப்பிணமாகத் திரும்பி வந்தபோது, ஒவ்வொரு தோட்டமாகப் போய் விசாரித்திருக்கிறார். ஒருவர் "பாத்தேன், காய்ச்சல்ல கெடந்தாரு" என்றார். கிடந்ததைத்தான் பார்த்தார், செத்ததைப் பார்க்கவில்லை. இன்னொருவர் செத்துவிட்டதாகக் கேள்விப்பட்டவர். இரண்டு பிள்ளைகளோடு எத்தனை நாள் தனியாக இருப்பது? அதே லயத்தில் ஒருவரோடு குடும்பமானார். கோயிலில் ஓலை வாசிக்கவில்லை. ஒன்பது வருடம் பூசைக்குப் போனார், ஆனால் நன்மை வாங்கவில்லை. எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது அவர் மட்டும் பாயில் முழந்தாளிட்டு இருப்பாராம். ஒன்பது வருடம் கழித்து வேறொரு தோட்டத்திலிருந்து ஒருவர் திருவிழாவுக்கு வந்தார். புதைத்தவர்களில் அவரும் ஒருவர். சாட்சி கிடைத்தது. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். "அன்னிக்கு அக்கா அழுதது கல்யாணத்துக்கா, எழவுக்கான்னு எனக்கு இன்னும் வெளங்கல" என்று பாட்டி சொல்வார்.

அந்தச் சாட்சியைக் கொண்டுவந்தது திருவிழா என்பதைக் கவனியுங்கள். ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழா, ஜூலை 26இல் புக்கிட் மெர்த்தாஜம் புனித அன்னம்மாள் திருவிழா, செப்டம்பர் 8இல் வேளாங்கண்ணி மாதா திருவிழா. லாரி பிடித்துக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். நேர்ச்சையும் தேரும் ஒரு பக்கம். மறு பக்கம் மரத்தடியில் சோற்றுப்பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு, யார் எங்கே இருக்கிறார், யார் போய்விட்டார் என்று கணக்கெடுப்பது. தகவல் பரிமாற்றத்துக்கு வேறு வழியே இல்லாத மக்களின் வருடாந்திரக் கூட்டம் அது.

மரத்தடிப் பேச்சில் இன்னொன்றும் நடந்தது. ஓலையில் சாதி வாசிக்க மாட்டார்கள். ஆனால் ஓலையில் பெயரும் தோட்டமும் வந்தவுடனே, "எந்தக் கங்காணியோட ஆளுங்க? ஊர்ல எந்தத் தெரு?" என்ற விசாரணை ஆரம்பிக்கும். ஞானஸ்நானம் கழுவாததைக் கப்பலும் கழுவவில்லை. தமிழ்நாட்டில் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவரை 1910இல் கௌசானல் என்ற குரு இடித்தார். அதற்கு அவர் பட்ட பாடு வரலாற்றில் இருக்கிறது. இங்கே இடிக்கச் சுவர் இல்லை. சம்பந்தம் பேசும்போது மட்டும் எழும்பி, பேசி முடித்ததும் மறைந்துகொள்ளும் சுவரை யார் இடிப்பது? நம் தோட்டத்து நாவல்கள் சாதியைப் பேசியிருக்கின்றன. தோட்டத்துக் கோயிலுக்குள் இருந்த சாதியை இன்னும் யாராவது எழுத வேண்டும்.

1955இல் மலாக்கா மறைமாவட்டத்திலிருந்து கோலாலம்பூரும் பினாங்கும் பிரிந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்த பிறகு பூசை தமிழுக்கு வந்தது. பீடத்தில் தமிழ் ஏறிய அதே காலத்தில்தான் கீழே தோட்டங்கள் கலையத் தொடங்கின. துண்டாடலில் சில போயின. 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் பிரச்சனையில் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. தோட்டத்துக் கோயில் நின்ற நிலம் கம்பெனியுடையது. மாரியம்மன் கோயிலுக்கும் அந்தோணியார் கோயிலுக்கும் அதில் ஒரே கதிதான். சுரூபத்தை டவுன் கோயிலுக்கு எடுத்துப்போனார்கள், மணியைக் கழற்றினார்கள், கட்டடத்தை விட்டுவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் டோல் சாவடியோ கோல்ஃப் திடலோ இருக்கலாம்.

பதிவேடு தப்பித்தது. காரணம் எளிமையானது. அது தோட்டத்தில் இல்லை, டவுன் கோயில் பீரோவில் இருந்தது.

அது தப்பித்ததன் அருமை குடியுரிமைக்காக அலைந்தவர்களுக்குத் தெரியும். என் அப்பாவின் சித்தி இந்த மண்ணில் பிறந்தவர், சிவப்பு ஐ.சி.யோடு செத்தார். பிறப்புப் பத்திரம் இல்லை. பிறந்த லயமே இல்லை. அவரிடம் இருந்தது ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றுதான். பிறந்த தேதி, தாய் தகப்பன், தோட்டத்தின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டப்படி அது பிறப்புப் பத்திரத்துக்கு ஈடல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர் இங்கேதான் பிறந்தார் என்று உலகத்தில் எழுதியிருந்த ஒரே தாள் அது.

நம்மிடம் தோட்ட வரலாறு இல்லை, எல்லாம் வாய்மொழிதான் என்று கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறோம். முழுக்க உண்மையல்ல. எழுதிய வரலாறு கொஞ்சம் இருக்கிறது, பூச்சி அரித்துக்கொண்டிருக்கிறது. அதை எல்லாருக்கும் திறந்துவிடவும் முடியாது. தத்துப்பிள்ளை, தகப்பன் பெயர் எழுதாத பிள்ளை என்று வாழும் மனிதர்களின் ரகசியங்களும் அதில் உண்டு. ஆனால் அவரவர் குடும்பப் பதிவைக் கேட்க அவரவருக்கு வழி இருக்கிறது. கோயிலில் திருமணம் செய்ய ஆறு மாதத்துக்குள் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். நீங்களோ உங்கள் தங்கையோ அதற்காகப் பங்கு ஆபீஸுக்குப் போகும்போது, தாத்தா பாட்டியின் பதிவையும் தேடித்தரச் சொல்லுங்கள். லத்தீனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பத்துச் சொல் தெரிந்தால் போதும். ஓரத்தில் ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இருந்தால், அதை வீட்டில் மூத்தவர் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே படித்துக் காட்டுங்கள்.